போதும் என்பது எங்கே தொடங்குகிறது? எபிக்யூரஸ் போட்ட ஆசைக் கணக்கு

"ஒரு சின்ன ஜாடியில் கொஞ்சம் சீஸ் அனுப்பி வை. தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்."

ஏதென்ஸில் வாழ்ந்த பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் தன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி வருகிறது. அவர் அன்றாடம் சாப்பிட்டது ரொட்டியும் தண்ணீரும். அதோடு ஒரு துண்டு சீஸ் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு விருந்து.

படித்தவுடன் இவர் ஏதோ துறவி என்று தோன்றும். இல்லை. "இன்பம்தான் வாழ்க்கையின் தொடக்கமும் முடிவும்" என்று வெளிப்படையாகச் சொன்னவர் இவர். நம் ஊரில் ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னவர்களில் பெரும்பாலோர் உலக இன்பம் பொய், அதை விடு என்று சொன்னவர்கள். எபிக்யூரஸ் அந்த வழியில் வரவில்லை. இன்பத்தையே தேடிக் கிளம்பி, கொஞ்சத்தில் நிறைவு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதை முதல்முறை கேட்பவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும்கூட.

ஆள் யார்?

கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தார். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸுக்கு வந்து, நகர மதிலுக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு இடம் வாங்கினார். விலை 80 மினா. ஒரு மினாவுக்கு 100 திராக்மா; திராக்மா என்பது அன்றைய கிரேக்க வெள்ளிக் காசு. ஆக 8,000 திராக்மா, சின்னத் தொகை இல்லை. இந்தத் தொகையை ஒரு காரணத்துக்காகத்தான் குறிப்பிடுகிறேன். கையில் காசில்லாத ஒருவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன தத்துவம் இல்லை இது. வாங்கிச் சாப்பிட வசதி இருந்தும் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டவர் சொன்னது.

அந்தத் தோட்டத்துக்கு நண்பர்களும் மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் வந்தார்கள், அடிமைகள் வந்தார்கள். அன்றைய ஏதென்ஸில் தத்துவம் பேசும் இடத்தில் இவர்களுக்குச் சமமாக உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். லியோன்டியன் என்ற பெண் அங்கே படித்து, பெரிய தத்துவவாதி ஒருவரையே மறுத்து நூல் எழுதினார். மீஸ் என்ற அடிமை மற்றவர்களோடு சேர்ந்து பாடம் கேட்டார்; எபிக்யூரஸ் தன் உயிலில் அவருக்கு விடுதலை எழுதிவைத்தார்.

எபிக்யூரஸ் எழுதியது ஏறக்குறைய 300 சுருள்கள் என்று சொல்வார்கள். மிஞ்சியது மிகக் கொஞ்சம். மூன்று கடிதங்களையும் 40 சிறு வாக்கியங்களையும், அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தி வந்து தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜீனஸ் லேயர்ஷியஸ் தன் நூலில் எடுத்து எழுதியதால் நமக்குக் கிடைத்தன. 1888-இல் வத்திக்கான் நூலகத்துச் சுவடி ஒன்றில் இன்னும் சில வாக்கியங்கள் அகப்பட்டன.

இன்பமே நோக்கம் என்று சொன்னதால் அவர்மேல் பழி விழுந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய டிமோக்ரடிஸ் என்பவர், எபிக்யூரஸ் வயிறு முட்டத் தின்று ஒரு நாளைக்கு இரண்டு முறை வாந்தி எடுப்பவர் என்று எழுதிவைத்தார். அந்தப் பேச்சு காலங்கடந்தும் நின்றுவிட்டது. இன்றைக்கும் மேலை நாடுகளில் அவர் பெயரைச் சாப்பாட்டு ரசனைக்கும் ஆடம்பரத்துக்கும்தான் ஒட்டவைக்கிறார்கள். தினம் ரொட்டி சாப்பிட்ட மனிதருக்கு இப்படி ஒரு பெயர் நிலைத்தது வருத்தமான விஷயம்.

ஆசை மூன்று வகை

எபிக்யூரஸ் செய்த முதல் வேலை, ஆசைகளைப் பிரித்து வைத்தது. மெனோய்க்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்திலும் அந்த 40 வாக்கியங்களிலும் இந்தப் பிரிவு வருகிறது.

முதல் வகை, இயற்கையானது, இல்லாமல் முடியாதது. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், குளிருக்குப் போர்வை, தலைக்கு மேல் ஒரு கூரை. இவை கிடைக்காவிட்டால் உடம்பு வலிக்கும். கிடைத்தால் வலி நின்றுவிடும்.

இரண்டாவது வகையும் இயற்கையானதுதான், ஆனால் இல்லாவிட்டாலும் ஓடிவிடும். பசிக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். பிரியாணி கிடைத்தால் சந்தோஷம். பிரியாணியால் பசி கூடுதலாக அடங்கப்போவதில்லை. இன்பம் வேறு நிறத்தில் வருகிறது, அவ்வளவுதான். இதை எபிக்யூரஸ் வேண்டாம் என்று தள்ளவில்லை. வந்தால் அனுபவி, வராவிட்டால் அலையாதே என்பதுதான் அவர் நிலை.

மூன்றாவது வகை, இயற்கையானதும் இல்லை, தேவையும் இல்லை. பழைய உரைக்குறிப்பு ஒன்று இதற்கு இரண்டு உதாரணம் தருகிறது: தலைக்குக் கிரீடம், ஊரில் சிலை. 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஏதென்ஸில் ஒருவரைப் பெருமைப்படுத்த வேண்டுமானால் கிரீடம் சூட்டுவார்கள், சிலை வைப்பார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பொன்னாடை, பேனர், கட் அவுட், சிலை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஊரே வாயைப் பிளக்கும்படி மகள் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்ற ஆசையும் இந்த வகைதான்.

எங்கே முடியும் என்று பார்த்தால் இந்த மூன்றும் வேறுபடுவது தெரியும். பசி ஒரு இடத்தில் முடியும். இரண்டு தட்டுச் சோற்றுக்குப் பிறகு மூன்றாவது தட்டை வயிறே தள்ளிவிடும். பெருமைக்கு அப்படி ஒரு வயிறு இல்லை. ஐந்நூறு பேர் வந்த கல்யாணத்தைப் பார்த்தவருக்கு ஆயிரம் பேர் வர வேண்டும். ஆயிரம் பேர் வந்தால், வராத அமைச்சரின் நினைப்பு வரும். இயற்கை கேட்கும் செல்வத்துக்கு எல்லை உண்டு, அதைச் சம்பாதிப்பதும் எளிது. வெற்று எண்ணங்கள் கேட்கும் செல்வம் முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுதினார் எபிக்யூரஸ்.

வெற்று எண்ணம் என்று அவர் சொல்வதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்றாவது வகை ஆசை உடம்பிலிருந்து கிளம்புவதில்லை. அடுத்தவர் பேச்சிலிருந்தும், நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதைகளிலிருந்தும் கிளம்புகிறது. "இது இல்லாவிட்டால் நம்மை எவன் மதிப்பான்" என்பது அப்படி ஒரு கதை. கதையால் பிறந்த ஆசையைப் பொருளால் நிரப்ப முடியாது. கதையைத்தான் மாற்ற வேண்டும்.

இன்பத்துக்கு உச்சம் உண்டா?

இனி வருவதுதான் அவருடைய சிந்தனையின் மையம். இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒப்புக்கொள்ளாதவருக்கு எபிக்யூரஸ் வெறும் சிக்கனவாதியாகத்தான் தெரிவார்.

இன்பம் என்பது ஏறிக்கொண்டே போகும் ஒன்று என்று நாம் பொதுவாக நம்புகிறோம். ஒரு பங்குக்கு ஒரு பங்கு இன்பம், பத்துப் பங்குக்குப் பத்துப் பங்கு. எபிக்யூரஸ் இதை மறுக்கிறார். இல்லாமையால் வந்த வலி நீங்கியதும் உடம்பின் இன்பம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் அது கூடுவதில்லை, வேறு வேறு விதமாக வருகிறது, அவ்வளவுதான் என்கிறார்.

மே மாத மதியத்தில் பஸ் கிடைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வருகிறீர்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. மண்பானையில் மொண்டு முதல் சொம்பைக் குடிக்கிறீர்கள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது நெஞ்சுவரை தெரிகிறது. பாதிச் சொம்பில் ஒரு பெருமூச்சு வரும், பிறகு மீதியைக் குடிப்பீர்கள். அந்த நேரத்தில் உலகத்தில் எந்தப் பானமும் அதைவிடப் பெரிய இன்பத்தைத் தந்துவிட முடியாது. இரண்டாவது சொம்பில் அது பாதியாகிவிடும். மூன்றாவது சொம்பை யாராவது நீட்டினால் போதும் என்று கையைக் காட்டுவீர்கள். முந்நூறு ரூபாய் ஜூஸை நீட்டினாலும், தாகம் தீர்ந்த பிறகு அது வெறும் சுவைதான்.

தாகம் தீர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த நிலைக்கு எபிக்யூரஸ் பெரிய மதிப்புக் கொடுத்தார். உடம்பில் வலியில்லை, மனதில் கலக்கமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நாம் அதை இன்பக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அடுத்தது என்ன என்று எழுந்துவிடுகிறோம். அவரோ அதுதான் உச்ச இன்பம் என்றார். பல்வலி வந்து போனவர்களுக்கு இது உடனே புரியும். வலி நின்ற மறுநாள் காலை, வெறுமனே பல் வலிக்காமல் இருப்பதே எவ்வளவு பெரிய சுகம்! ஒரு வாரத்தில் அதை மறந்துவிடுகிறோம். "இல்லாததை ஆசைப்பட்டு இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாதே, இன்று கையில் இருப்பதும் ஒருகாலத்தில் நீ ஏங்கியதுதான்" என்ற பொருளில் அவர் எழுதிய ஒரு வாக்கியம் வத்திக்கான் சுவடியில் இருக்கிறது. நாம் மறப்பதைத்தான் அவர் நினைவூட்டுகிறார்.

ஒரு ஓபோலுக்கும் குறைவாக

எழுதிவிட்டுச் சும்மா இருந்தவர் இல்லை. தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். ரோமானியத் தத்துவவாதி செனகா தன் 18-ஆம் கடிதத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். எபிக்யூரஸ் சில நாட்களைக் குறித்து வைத்துக்கொள்வார். அந்த நாட்களில் மிகக் குறைவாகச் சாப்பிடுவார். முழு இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, அந்தக் குறையை நிரப்பப் பெரிய பாடு படுவது தகுமா என்று பார்ப்பார். ஒரு கடிதத்தில், "எனக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஒரு ஓபோல்கூட ஆகவில்லை. மெட்ரோடோரஸ் இன்னும் அவ்வளவு தேறவில்லை, அவனுக்கு ஒரு முழு ஓபோல் ஆகிறது" என்று எழுதுகிறார். மெட்ரோடோரஸ் அவருடைய நெருங்கிய சீடர், நண்பர்.

செனகா லத்தீனில் எழுதியதால் 'ஆஸ்' என்ற ரோமானியச் சிறு காசைச் சொல்கிறார்; எபிக்யூரஸ் ஊர்க் கணக்கில் அதை ஓபோல் என்று வைத்துக்கொள்ளலாம். ஓபோல் என்பது கிரேக்கத்தின் சிறு காசு. ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. ஏதென்ஸில் நீதிமன்ற நடுவராக ஒரு நாள் உட்காரும் குடிமகனுக்குக் கிடைத்த படி மூன்று ஓபோல். 8,000 திராக்மாவுக்கு இடம் வாங்கியவர் ஒரு ஓபோலுக்கும் குறைவில் நாளை ஓட்டிப் பார்த்துக் கணக்கு எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் இதைத் தவமாகச் செய்யவில்லை என்பது. உடம்பை ஒடுக்கிப் புண்ணியம் சேர்க்கும் நோக்கம் அவருக்கு இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒரு விவரம்: என் நிறைவு குறைந்தபட்சம் எதில் நிற்கிறது? அது தெரிந்தவனுக்குப் பயம் குறையும். சம்பளம் குறைந்தால், தொழில் நொடித்தால் என்ன ஆகும் என்று இரவில் விழித்துக் கிடப்பவர்கள், பெரும்பாலும் அந்த அடிமட்டத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள். எளிய உணவுக்குப் பழகியவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை என்று மெனோய்க்கியஸுக்கு எழுதுகிறார். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். ஆடம்பரத்தை மிக இனிமையாக அனுபவிப்பவர்கள், அது தேவையே படாதவர்கள். எப்போதாவது வரும் சீஸ் துண்டு விருந்தாவது இதனால்தான். தினமும் சீஸ் சாப்பிடுகிறவனுக்கு விருந்து வேண்டுமானால் வேறெங்காவது போக வேண்டும்.

முற்றுகை நாட்கள்

குறித்துவைத்த நாட்களில் குறைவாகச் சாப்பிடுவது சுலபம், மறுநாள் நிறையக் கிடைக்கும் என்று தெரிந்திருப்பதால். நிஜமாகவே ஒன்றும் கிடைக்காமல் போனால்?

அதுவும் நடந்தது. கி.மு. 295-ஐ ஒட்டி டிமெட்ரியஸ் என்ற அரசன் ஏதென்ஸை முற்றுகையிட்டான். நகருக்குள் தானியம் வரவில்லை. ஒரு அளவை கோதுமை 300 திராக்மாவுக்கு விற்றது. வரலாற்றாசிரியர் புளூட்டார்க் அந்த நாட்களைப் பற்றி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். நம்பிக்கை இழந்து ஒரு அப்பாவும் மகனும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு செத்த எலி கீழே விழுகிறது. இருவரும் பாய்ந்து எழுந்து அந்த எலிக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

அதே பத்தியில் எபிக்யூரஸும் வருகிறார். தோட்டத்தில் கையிருப்பாக இருந்தது மொச்சை மாதிரியான பயறு. அதை அவர் ஒவ்வொன்றாக எண்ணி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து, உடனிருந்தவர்களைப் பிழைக்கவைத்தார்.

இந்த இரண்டு காட்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பசி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு வீட்டில் அப்பனும் மகனும் எதிரிகளாகிவிட்டார்கள். தோட்டத்தில் ஒருவர் எண்ணுகிறார், மற்றவர்கள் தங்கள் கை நிறைவதற்காகக் காத்திருக்கிறார்கள், பக்கத்துக் கைக்கும் அதே எண்ணிக்கைதான் போகும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அன்று காலையில் வந்திருக்க முடியாது. தோட்டத்துக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் சேர்ந்து சாப்பிட்டதில் வந்தது.

கொஞ்சம் எப்போது போதும்?

இங்கேதான் எபிக்யூரஸை நம் நாட்களுக்கு எடுத்துவருபவர்கள் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆசையைக் குறை, செலவைக் குறை, பொருளைக் குறை என்று குறைப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். குறைத்தபின் எது தாங்கிப் பிடிக்கிறது என்று கேட்பதில்லை. அவர் எழுத்தில் இரண்டு தாங்குகோல்கள் தெளிவாக இருக்கின்றன.

ஒன்று, நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை. "பசிக்காதே, தாகம் எடுக்காதே, குளிராதே என்பதுதான் உடம்பின் குரல். இவை கிடைத்து, இனியும் கிடைக்கும் என்று நம்புகிறவன் இன்பத்தில் ஸீயஸ் கடவுளோடுகூடப் போட்டிபோடலாம்" என்கிறார். இனியும் கிடைக்கும் என்று அவர் சேர்த்துச் சொல்வதை விட்டுவிடக் கூடாது. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்கு என்ன செய்வது என்று தெரியாதவளிடம் போய் "கிடைத்ததில் திருப்தி அடை" என்றால் அது தத்துவம் ஆகாது, கொடுமை. அவளுக்கு இருப்பது முதல் வகை ஆசை, நியாயமான ஆசை. அது நிறைவேறத்தான் வேண்டும். கூலி உயர்வு கேட்பவரிடமும், தண்ணீர் வராத தெருவில் குடத்தோடு சாலையை மறிப்பவர்களிடமும் போதும் என்ற மனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை எபிக்யூரஸின் துணையோடு யாரும் நியாயப்படுத்த முடியாது. இந்த உபதேசம் எப்போதும் மேலிருந்து கீழே போவதையும், வீட்டுக்குள் பெண்களுக்கு மட்டும் சொல்லப்படுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் பலருக்குப் "போதும்" என்ற பேச்சே கசந்துவிட்டது. அவர்கள் கசப்பில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு தாங்குகோல், நட்பு. வாழ்நாள் முழுக்க நிறைவாக இருக்க அறிவு சேகரித்துத் தருபவற்றில் மிகப் பெரியது நட்புதான் என்பது அவருடைய வாக்கியம். பைத்தாகரஸைப் பின்பற்றியவர்கள் நண்பர்களின் சொத்தெல்லாம் பொது என்று வைத்திருந்தார்கள். எபிக்யூரஸ் அதை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் பொதுவில் போடச் சொல்வது நம்பிக்கையில்லாதவர்கள் செய்வது, நம்பிக்கையில்லாத இடத்தில் நட்பு ஏது என்று கேட்டாராம். அவரவர் பொருள் அவரவரிடம் இருக்கட்டும், தேவைப்படும்போது கேட்கலாம், கேட்டால் கிடைக்கும். சீஸ் கேட்டு எழுதிய அந்த ஒரு வரி இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைக் காட்டுகிறது.

யோசித்துப் பாருங்கள். நாம் சேர்த்துவைப்பதில் பெரும்பகுதி பயத்தால் சேர்ப்பது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் தருவார்கள், வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள்? கேட்டால் ஓடிவர நாலு பேர் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தவருக்குச் சேமிப்பில் இருக்க வேண்டிய தொகையே வேறு. எபிக்யூரஸ் சாகும்போதுகூட இந்தக் கடமையை மறக்கவில்லை. அவருக்குமுன் இறந்துபோன மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கடைசிக் கடிதத்தில் தன் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதுகிறார், உயிலிலும் ஏற்பாடு செய்கிறார். சிறுநீர் அடைப்பால் தாங்க முடியாத வலி. அந்த வலிக்கு எதிராக, நாம் பேசிக் களித்த பேச்சுகளின் நினைவை நிறுத்திவைத்திருக்கிறேன் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். அப்போது வயது 72-ஐ ஒட்டி.

எங்கே எனக்கு உடன்பாடில்லை

அரசியலை விட்டு விலகி இரு, வெளியே தெரியாமல் வாழ் என்பதும் அவர் போதனை. இதைச் சில நூற்றாண்டுகள் பிந்தி வந்த புளூட்டார்க் கடுமையாகத் தாக்கினார். எனக்கும் இதில் உடன்பாடில்லை. முதல் வகை ஆசைகள் எல்லோருக்கும் நிறைவேற வேண்டுமானால் யாராவது சபைக்குப் போய்ச் சண்டைபோடத்தான் வேண்டும். எல்லோரும் தோட்டத்துக்குள் இருந்துவிட்டால் தெருவில் குழாயில் தண்ணீர் வராது. ஆனால் அவர் வாழ்ந்தது அலெக்சாண்டர் இறந்த பிறகு தளபதிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம், ஏதென்ஸ் கை மாறிக்கொண்டே இருந்த காலம். அப்படி ஒரு ஊரில் அரசியலைக் கண்டு ஒதுங்கத் தோன்றியதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

குறைப்பதிலும் அளவு உண்டு என்று அவர் சொன்னதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. எளிமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அதைக் கவனிக்காதவன் அளவில்லாமல் ஆசைப்படுகிறவனைப் போலவே பாதிக்கப்படுகிறான் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. வீட்டில் ஆறு பொருள்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பதும், மற்றவரைவிட நான் எளிமையானவன் என்று காட்டிக்கொள்வதும் திரும்பவும் மூன்றாவது வகைக்குள்தான் போய் விழும்.

ஒரு ஆசையை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்

தொடங்க நினைப்பவர்களுக்கு அவர் கொடுத்த கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆசை வரும்போதும் கேள்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்?

சொந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு வாழ்நாளின் பெரிய ஆசை அதுதான். இதைத் தூக்கி ஒரே வகையில் போட முடியாது. மூன்றும் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருக்கின்றன.

வாடகை வீட்டுக்காரர் எந்த மாதமும் காலி செய்யச் சொல்லலாம், பிள்ளைக்கு நடுவருடத்தில் பள்ளி மாற்ற வேண்டிவரும், சில தெருக்களில் சாதியைக் கேட்டபிறகுதான் சாவியைத் தருவார்கள். இந்த நிச்சயமின்மை தீர வேண்டும் என்பது முதல் வகை. நிறைவேறாவிட்டால் உண்மையாகவே வலிக்கும். இதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, இதற்காகக் கடன் வாங்குவதிலும் தவறில்லை. காற்று வரும் ஒரு பால்கனி, பக்கத்தில் ஒரு வேப்பமரம் என்பது இரண்டாவது வகை. அமைந்தால் தினமும் சந்தோஷம், அமையாவிட்டால் சாயங்காலம் தெருமுனைப் பூங்காவில் போய் உட்காரலாம். பிறகு மூன்றாவது. தம்பி மூன்று பெட்ரூம் வாங்கிவிட்டான், நாமும் அதற்குக் குறைந்து வாங்கினால் நன்றாக இருக்காது. நுழைவாசலில் நீரூற்று இருக்கும் அடுக்ககம் என்றால் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பேசுவார்கள்.

அந்த மூன்றாவது பெட்ரூம் நிறைவேறினால் என்ன ஆகும்? கிரகப்பிரவேசத்தன்று பேசுவார்கள். அடுத்த வாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அறையில் அட்டைப்பெட்டிகளும் பழைய டிவியும் சேரும். மாதத் தவணை மட்டும் இருபது ஆண்டுக்கு வரும். நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? தம்பி வீட்டுக்குப் போகும் நாட்களில் கொஞ்சம் உறுத்தும். தவணை சிறியதாக இருப்பதால், பிடிக்காத வேலையை விட்டுவிட இரண்டு வருடத்தில் தைரியம் வரலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட மனமும் நேரமும் இருக்கும். முதல் இரண்டு வகைக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும், மூன்றாவதற்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பல வீடுகளில் மூன்றாவதன் தொகை பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும்.

"பைத்தோக்கிளஸைப் பணக்காரனாக்க வேண்டுமா? அவன் பணத்தைக் கூட்டாதே, ஆசையைக் கழி" என்று தன் இளம் சீடன் ஒருவனைப் பற்றி எபிக்யூரஸ் இடோமெனியஸுக்கு எழுதியதாகச் செனகா சொல்கிறார். எல்லா ஆசையையும் கழிக்கச் சொல்லவில்லை. மேலே போட்ட தாளில் மூன்றாவது வரியைக் கழித்தால் போதும்.

இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்தால் பாதிதான் பலிக்கும். மெனோய்க்கியஸுக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், இவற்றை இரவும் பகலும் தனியாகவும் உன்னைப் போன்ற இன்னொருவரோடும் சேர்ந்து பழகு என்கிறார். மூன்றாவது வகை ஆசை மற்றவர் பேச்சிலிருந்து வருவதால், அதைக் கரைக்கவும் இன்னொரு பேச்சு வேண்டியிருக்கிறது. வீடு பார்க்கக் கிளம்பும் முன் கணவனும் மனைவியும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு, எது யாருக்காக என்று ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிவிட்டால், தரகரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே முடிவாகிவிடும்.